பந்தல் மூங்கில்

கார்டன் ரீச் ரயில்வே காலனியில் நடக்கும் சமையல் வகுப்பில், ஆறு வயது மகள் கோமதியை முக்காலிமேல் ஏற்றி நிறுத்தியிருக்கிறாள் சுலோசனா. லூச்சி என்கிற வங்காளப் பூரிக்குப் பிசைந்து, ஜன்னல் வெயிலில் மினுங்கும் மாவை யானையாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது குழந்தை. "விளையாடாதடி, தேய்" என்று அதட்டுவதற்குள் சுலோசனாவுக்கு மூச்சு வாங்குகிறது. துர்கா பூஜை வரை தன் உயிர் தாங்கினால் பெரிது என்று டாக்டர் கைவிரித்ததை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எண்ணெய்ச் சட்டிப் பக்கம் நீளும் சின்னக் கையை விலக்கிவிட்டு, "இதுக்கு என்னடி அவசரம்? அடுத்த வருஷம் கூட்டிண்டு வா, அடுப்பு எட்டும்" என்று சிரிக்கிறாள் சொல்லிக்கொடுக்கும் மாமி. வெளியே கழிகள் தடதடவென்று இறங்குகின்றன. "அம்மா, பந்தலுக்கு மூங்கில் வந்துடுச்சு! பூஜை வந்துடுச்சு!" என்று மாவுக்கையைத் தட்டிக் குதிக்கிறது குழந்தை. அந்தக் கையை இழுத்துப் பூரிக்கட்டைமேல் அழுத்துகிறாள் சுலோசனா. "ஒண்ணாவது வட்டமாத் தேச்சுக் காட்டுடி, கண்ணு."