செயற்கைத் தொடுவானம்

ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். இடது முழங்காலில் தைலம் தேய்த்தேன். உள்ளே இருக்கும் எஃகுத் தகடு குளிர்நாளில் எனக்கு முன்னால் விழித்துக்கொள்ளும்.

சட்டைக்கு இஸ்திரி போட்டேன். முதலில் காலர், பிறகு கை, கடைசியில் முதுகு. என் மனைவி போடும் வரிசை அது.

வானிலை அறிக்கையைப் பார்த்தேன். இரண்டாயிரம் அடியில் மேகம். மாலை வரை விலகாது.

ரொட்டியை நின்றுகொண்டே தின்றேன்.

ஆறு மணிக்கு மனைவியின் அம்மா போனில் அழைத்தார். பதினாறு மாதங்களாக ஒருநாளும் தவறியதில்லை. சாப்பிட்டாயா, கால் எப்படி இருக்கிறது. பிறகு அதே கேள்வி.

“அவ தூங்கிட்டுத்தானே இருந்தா, மாப்பிள்ளை?”

“ஆமா அத்தை. நல்ல தூக்கம்.”

மகள் பயப்படாமல் போனாள் என்ற அந்த ஒரு நினைப்பில்தான் அவர் தினமும் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கிறார். எங்கே கிளம்புகிறாய் என்று கேட்டார். ஆபீஸ் என்றேன்.

பிளையிங் கிளப்பில் எல்லோருக்கும் என்னைத் தெரியும். மேகத்துக்குள் புகுந்து, வழி தப்பி, விமானத்தை முள்காட்டில் விழவைத்து மனைவியைப் பறிகொடுத்தவன். கருவிகளில் பழுது எதுவும் இல்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. உரிமத்தை ஒரு வருடம் முடக்கி வைத்தார்கள். திரும்பக் கிடைத்த வாரமே கருவிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன். வெளியே எதையும் பார்க்காமல், முன்னால் இருக்கும் முள்ளையும் எண்ணையும் மட்டும் நம்பி ஓட்டுவதற்கான பயிற்சி. அன்று என்னிடம் இல்லாத தகுதி அது.

“என்ன சார், விட்டதைப் பிடிக்க வந்தீங்களா?” என்றார் கிளப் எழுத்தர் முதல் நாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பயிற்சியாளர் என்னைவிட இரண்டு வயது சின்னவள். வலது இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கினாள்.

“இன்னைக்கு நிஜ மேகம். உடம்பு ஒரு புளுகுமூட்டை சார். அது என்ன சொன்னாலும் காதுல வாங்காதீங்க.”

இதுவரை பழகியதெல்லாம் கண்ணுக்கு மேல் ஒரு மறைப்பை மாட்டிக்கொண்டு. அதைக் கழற்றினால் வயல் தெரியும், சாலை தெரியும். மேகத்தைக் கழற்ற முடியாது.

இரண்டாயிரம் அடியில் கண்ணாடி வெளுத்தது. இறக்கையின் நுனி காணாமல் போனது. நாலாயிரம் வரை ஏறினோம். வெள்ளை மாறவில்லை.

கண்ணை மூடச் சொன்னாள். விமானத்தைத் திருப்பும் பிடியை அவள் வாங்கிக்கொண்டாள். ஒரு நிமிடம் போனது. என் முதுகு இருக்கையில் பதிந்திருந்தது. எந்தப் பக்கமும் சாயவில்லை.

“இப்ப எப்படிப் போறோம்?”

“நேரா.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நேராத்தான்.”

“கண்ணைத் திறங்க. விமானம் உங்க கையில.”

முன்பலகையின் நடுவில் இருப்பது செயற்கைத் தொடுவானம். உள்ளங்கை அகல வட்டம். மேல்பாதி நீலம் வானம், கீழ்பாதி பழுப்பு தரை, நடுவில் ஒரு குட்டி விமானம். அதன் இடது இறக்கை பழுப்புக்குள் இறங்கியிருந்தது.

உயரம் காட்டும் முள் பின்பக்கமாகச் சுற்றியது. காற்றின் சத்தம் மெல்ல ஏறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

என் உடம்பு நேராகவே இருந்தது. வலது பக்கம் திருப்பினால் கவிழ்ந்துவிடுவோம் என்று ஒவ்வோர் எலும்பும் சொன்னது. கைகள் பிடியில் உறைந்தன.

மூவாயிரத்து எண்ணூறு. மூவாயிரத்து அறுநூறு.

“வட்டத்தைப் பாருங்க சார்.” வலது பக்கத்திலிருந்து, ஒரு பெண் குரல்.

மூவாயிரத்து முந்நூறு.

திருப்பினேன். உடம்பு மொத்தமும் வலது பக்கமாக உருண்டு விழுவதுபோல் இருந்தது. வட்டத்துக்குள் குட்டி விமானம் மட்டத்துக்கு வந்தது.

“அன்னைக்குப் பக்கத்துல யாராச்சும் இப்படிப் பார்த்துச் சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பீங்க,” என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்.

“அவ தூங்கிட்டிருந்தா,” என்றேன். விசாரணைக் குழுவிடமும் இதைத்தான் சொன்னேன். இதே குரலில்.

அவள் தூங்கவில்லை.

அன்று மேகத்துக்குள் நுழைந்ததிலிருந்து முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். விமானத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. வட்டத்தின் கண்ணாடியில் ஆள்காட்டி விரலை வைத்து, இந்தக் குட்டி விமானம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறதே என்று கேட்டாள். இரண்டு முறை கேட்டாள்.

அது பழுது, நாம் நேராகத்தான் போகிறோம் என்றேன்.

விரலை எடுத்துக்கொண்டாள். இருக்கையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

“சரிப்பா,” என்றாள். “உனக்குத் தெரியாததா.”