மாலுமி திரும்பாத படம்

இனிமேல் யாரையும் சாகடிக்கக் கூடாது என்று நினைத்தபடியே தங்கை அக்காவின் அறைக்குள் போனாள்.

அக்காவுக்குப் பார்வை போய், படுக்கையோடு ஆனதிலிருந்து, புதுப் படங்களைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்வது அவள்தான். போன வாரம் பார்த்த படத்தின் முடிவில், காணாமல்போன மாலுமி வீடு திரும்பிவிட்டான். அக்கா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்ட எரிச்சலில், "அவன் கடல்லயே செத்துட்டான், போதுமா?" என்று தங்கை கதையை முடித்துவிட்டாள்.

"ஏன்டி இவ்வளவு அவசரம்? அடுப்புல யானையா வேகுது?" என்றாள் அக்கா.

நேற்று அதே படத்தை டிவியில் மறுபடி போட்டார்கள். மாலுமி திரும்பவில்லை. அவன் மனைவி கரையிலேயே நின்றுகொண்டிருந்தாள். "போன தடவையும் இப்படித்தானே முடிஞ்சுது?" என்றார் கூட உட்கார்ந்து பார்த்த தங்கையின் கணவர். மாலுமி மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தங்கை எழுந்து போய்விட்டாள்.

இப்போது அதையெல்லாம் அக்காவிடம் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

"இன்னிக்கு நான் கேக்குற கதையச் சொல்லு. கண்ணு தெரியாத ஒருத்தி வலியோட படுத்திருக்கா. ஒருநாள் தூக்கத்துலயே போயிடுறா. சின்னப் படந்தான்."

சொல்லிவிட்டுக் கையை நீட்டித் தங்கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படத்த நான் பாக்கலக்கா," என்றாள் தங்கை.