ஒரு வரிக் கட்டளை

மனித குலம் மறதியை வென்றது. எல்லோருடைய நினைவுகளும் கணினி அட்டவணைகளில் பதிவாகின, தணிகாசலத்தினுடையவை தவிர. "முப்பது வருஷம் டேட்டாபேஸைக் கட்டி மேய்ச்சவன் நான். எல்லாம் மண்டையிலேயே இருக்கு" என்பார்.

மச்சினியின் வளைகாப்பில், சபை நடுவே, "இவளைக் கட்டினதுக்குச் சும்மாவே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மனைவி பூங்கோதை மூன்று வாரம் பேசவில்லை. மன்னிப்புக் கேட்பது அவருக்கு வராது, கட்டளை வரும். கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"அந்த ஒரு நாளை மட்டும் அழிச்சிடுங்க. என்னால மறக்க முடியல."

"பட்டனைத் தட்டி அழிக்கிறவன்லாம் கத்துக்குட்டி. இப்பப் பார்" என்று, கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கறுப்புத் திரையைத் திறந்தார். அவளுடைய 'கணவர்' அட்டவணையிலிருந்து அழிக்கச் சொல்லித் தட்டினார். எந்த நாளை என்று சேர்க்காமலே என்டரை அழுத்திவிட்டார்.

பூங்கோதை நிமிர்ந்து பார்த்து, மரியாதையாகக் கேட்டாள்: "சார், யாரைப் பார்க்கணும்?"

அவளுடைய நினைவுகளின் காப்புப் பிரதியைத் தேடினார். பத்திரமாக இருந்தது. அதைத் திறக்கும் கடவுச்சொல் அவர்களுடைய கல்யாணத் தேதி.

அதை வருஷா வருஷம் அவருக்கு ஞாபகப்படுத்துவது பூங்கோதைதான்.