மண்ணுக்கடியில் ஒரு கண்காட்சி

பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் காலை ஒன்பது மணி வெயில் பூரணியின் மளிகைக் கடைக் கண்ணாடியில் கூசுகிறது. அவளுடைய கைப்பேசித் திரையில், ஜப்பானியத் தீவொன்றுக்குக் கலைக்கூடம் பார்க்கப்போன மகள் தாட்சாயினி நிலத்தடிப் படிகளில் இறங்கிக்கொண்டிருக்கிறாள். இருபுறமும் ஜன்னலே இல்லாத சீமெந்துச் சுவர். "உள்ளுக்கை கும்மிருட்டு அம்மா. அந்த இருட்டுத்தான் இஞ்சை கலை. பேசாமல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாய் வெளிச்சம் தெரியுமாம்." திரை கறுத்துப்போகிறது. மகளின் மூச்சு மட்டும் கேட்கிறது. பூரணிக்கு, போர்க்காலத்தில் வன்னியில் ஷெல்லடிக்குப் பதுங்கிக் கிடந்த பங்கர்க் குழியின் ஈரமண் மணக்கிறது. வெளியே மேம்பாலத்தில் மெட்ரோ ரயில், குண்டு போட வரும் விமானம்போலத் தடதடத்து நெருங்குகிறது. "வாசலடியிலேயே இரு பிள்ளை," என்று கிசுகிசுக்கிறாள். "அக்கா, முருங்கைக்காய் வந்திட்டுதோ?" என்றபடி கடைக்குள் வந்த வாடிக்கையாளர் கல்லா மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறார். அரிசி மூட்டைகளுக்கிடையில் குந்தியிருக்கும் பூரணி அவருடைய கையைப் பிடித்துக் கீழே இழுக்கிறாள். "குனியுங்கோ அண்ணை."