இடது இறக்கையில் ஒரு போல்ட்

அண்ணி கையில் ஸ்பேனருடன் மொட்டை மாடிக்குப் போனதைத் தம்பி தன் கண்ணாலேயே பார்த்தான்.

சனிக்கிழமை மத்தியானம். உண்ட களைப்பில் அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அதற்குச் சற்று முன்புதான் அண்ணி தன் அக்காவிடம் போனில் கிசுகிசுத்தது அவன் காதில் விழுந்திருந்தது.

"நீ கவலைப்படாதே அக்கா. இவர் தூங்கினதும் மாடிக்குப் போய் இறக்கையில ஒரு போல்ட்டைத் தளர்த்திட்டு வந்துடறேன். யார் செஞ்சாங்கன்னு அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியப் போறதில்லை. அப்புறம் எனக்கு நிம்மதி."

இது கொலைத் திட்டமேதான் என்று தம்பி முடிவு கட்டிவிட்டான்.

அவன் வெளியூரில் மருந்துக்கடை வைத்திருப்பவன். கல்லாவில் உட்கார்ந்தபடி துப்பறியும் கதையாகப் படித்துத் தள்ளுபவன். குடும்பத்துக்குள் கொலை என்பது அவனுக்குப் புதிதில்லை. சொந்தக் குடும்பத்துக்குள் என்பதுதான் புதிது.

அண்ணன் லிஃப்ட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். காலமெல்லாம் கம்பியில் தொங்கியே மேலே போனவருக்கு, கம்பி இல்லாமலும் போய்ப் பார்த்தால் என்ன என்று தோன்றிவிட்டது. முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தார். மணியடிக்கும்போது சிறகடிக்கும் கடிகாரம் செய்தார். அது மணிக்கொரு தரம் அலமாரியிலிருந்த தம்ளர்களைத் தட்டிவிட்டது. வாசலில் மாட்டிய கழுகுத் தபால்பெட்டி தபால்காரரின் விரலைக் கவ்விக்கொண்டு விட மறுத்தது. சிறகு வைத்த மேஜை விசிறி ஒருநாள் மேஜையை விட்டே கிளம்பி மீன் தொட்டிக்குள் போய் விழுந்தது.

இப்போது ஆள் உயர இறக்கை. குடைக்கம்பிகள், பழைய அலுமினிய ஏணி, வீட்டு ஜன்னல்களின் திரைகள் எல்லாம் அதில் போய்ச் சேர்ந்துவிட்டன.

"நாளைக்குக் காலையில மாடியிலேர்ந்து எதிர் மைதானத்துக்குப் பறக்கறேன்டா. நீ வந்த நேரம் நல்ல நேரம்" என்று அண்ணன் சொல்லியிருந்தார். அண்ணன் கணக்குப் போட்டால் தப்பாது என்பது தம்பியின் சின்ன வயது நம்பிக்கை.

இப்படி ஒரு மனுஷனோடு குப்பை கொட்டுகிறவள் அலுத்துப் போனதில் ஆச்சரியமில்லைதான். அதற்காக ஆளையேவா தீர்த்துக்கட்டுவது?

போலீசுக்குப் போனால் குடும்ப மானம் கப்பலேறும். அண்ணனிடம் சொல்லலாம் என்றால், பெண்டாட்டியைப் பற்றித் தம்பி சொல்வதை எந்த அண்ணன் நம்பியிருக்கிறான்?

அண்ணி இறங்கி வந்தாள். ஸ்பேனரைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். "டீ போடட்டுமா தம்பி?" என்று கேட்ட குரலில் துளி நடுக்கம் இல்லை. பலே கைகாரி.

சாயங்காலம் அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து, அதே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அவன் மாடியேறினான். இடது இறக்கை தோளோடு சேரும் இடத்தில் அந்த போல்ட் பால் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முறுக்கினான். போதாதென்று மற்ற போல்ட்டுகளையும் ஒரு கை பார்த்தான். அண்ணனின் உயிரைக் காப்பாற்றிய திருப்தியில் அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் விசிலடித்தபடி தனியாக மாடிக்குப் போனார். தம்பியைக் கீழே நின்று கைதட்டச் சொன்னார். தம்பியோ வேண்டுமென்றே சமையலறை வாசலில் நின்றுகொண்டான். திட்டம் பாழான பிறகு குற்றவாளியின் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க ஆசைப்பட்டான்.

அண்ணி நிதானமாகக் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீங்க வேடிக்கை பார்க்கப் போகலையா அண்ணி?"

"அதுல என்ன தம்பி பார்க்க இருக்கு? அவர்தான் இப்பக் கீழே வந்துடுவாரே" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

தம்பி ஓரடி பின்வாங்கினான். இப்படியும் ஒரு பெண்ணா!

அப்போது ஜன்னலுக்கு வெளியே அண்ணன் போனார். படுத்த வாக்கில் போனார். சற்று தூரம் பறந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்து, பக்கத்து வீட்டு கார் ஷெட்டின் தகரக் கூரை சரியும் சத்தம் கேட்டது.

அண்ணியின் கையிலிருந்த கத்தி நழுவியது. வாயில் அடித்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவுக்கு ஓடினாள்.

இறக்கையில் ஒரு போல்ட்கூடக் கழலவில்லை. அண்ணன்தான் இரண்டு மூன்று இடங்களில் கழன்றிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்தார். "உயிருக்கு ஆபத்தில்லை. ஆனா எழுந்து நடக்க மாசக்கணக்காகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்த அண்ணியின் முன்னால் போய் நின்றான் தம்பி.

"நடிச்சது போதும் அண்ணி. நீங்க போல்ட்டைத் தளர்த்தினது எனக்குத் தெரியும். நான்தான் மறுபடியும் முறுக்கி வச்சேன். இல்லேன்னா இன்னிக்கு அண்ணனைப் பிணமாத்தான் பார்த்திருப்போம்."

அண்ணியின் அழுகை நின்றது. அவனை ஏற இறங்கப் பார்த்தாள். கோபப்படக்கூட அவளிடம் தெம்பில்லை.

"வாராவாரம் நான் ஒரு போல்ட்டைத் தளர்த்தி வைப்பேன். ஞாயித்துக்கிழமை காலையில இறக்கையை மாட்டறதுக்கு முன்னாடி உங்க அண்ணன் ஒவ்வொண்ணா ஆட்டிப் பார்ப்பார். லிஃப்ட் ஆபீஸ் புத்தி. ஒரு போல்ட் ஆடினாலும், 'இன்னிக்குச் சர்வீஸ் கிடையாது'ன்னு இறக்கையை ஓரமா சாத்தி வச்சுட்டுப் படியிறங்கிச் சாப்பிட வந்துடுவார்.

"ரெண்டு வருஷமா அந்த மனுஷனை எலும்பு முறியாம வச்சிருந்ததே அந்த ஒரு போல்ட்தான் தம்பி!"