வயலில் விழுந்த வட்டம்

“மாப்பிள்ளையோட தனியக் கதைக்க வேணும்.”

கேட்கவே கூடாதென்று அண்ணை சொல்லிவைத்ததைக் கேட்டுவிட்டேன். ஜேர்மனியின் ஹனோவர் நகருக்கு வெளியே, ஒரே இரவில் கோதுமைப் பயிர் சாய்ந்து உண்டான பெரிய வட்டத்தைக் காட்டுவதாகக் கூட்டிவந்து, அங்கே என்னைப் பெண்பார்க்க ஒழுங்கு செய்திருந்தார்.

சாய்ந்த பயிரின்மேல் நானும் மாப்பிள்ளை சிறீதரனும் நடந்தோம்.

“கலியாணத்துக்குப் பிறகும் நான் கணிதம் படிப்பன்.”

“உங்கட வீட்டிலை முதல் பட்டம் எடுத்தது நீர்தானே? பொம்பிளைக்கு அது காணும், மேலை படிப்பு எதுக்கு?” அவர் வட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். “இதைக் கீறினவனுக்கு என்ன மூளை! அவனை ஒருக்காச் சந்திக்க வேணும்.”

வட்டத்தின் நடுவில் குனிந்து, கோதுமைத் தாள்களை விலக்கி, கயிறு சுற்றிய முளைக்கட்டையைப் பிடுங்கினேன்.

“அது அங்கை கிடக்கிறது உமக்கு எப்பிடித் தெரியும்?”

“போன கிழமை இந்த வட்டத்தைக் கீற நான்தான் அடிச்சனான். சந்திச்சாச்செல்லே? உங்களுக்கு அது காணும்.”

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணையின் காரைத் தாண்டி பஸ் தரிப்பிடத்துக்கு நடந்தேன்.