பன்னிரண்டு பேர் இறங்கிய குழி

"நீ பேசறது உன் காதுக்காவது கேக்குதாடி?" என்று அண்ணி ஒருமுறை அவளிடம் கேட்டிருக்கிறாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் கடற்கரையில் ஆராய்ச்சிக்காகத் தோண்டிய குழியைப் பார்வையாளர்களுக்குச் சுற்றிக்காட்டும் வேலை வாய்த்திருந்தது. இன்று சோதனை நாள். சொதப்பினால் மறுபடியும் அண்ணியின் அடுப்படிதான்.

குழியின் சுவரில், கறுப்புக் களிமண்ணுக்கு நடுவே மூன்று வெள்ளை மணல் கோடுகள் ஓடின. ஒவ்வொன்றும் என்றோ ஊரை விழுங்கிய ஒரு சுனாமி விட்டுப்போனது. மண் சரியக்கூடும் என்பதால் ஆட்களை எண்ணித்தான் ஏணியில் இறக்குவாள், எண்ணித்தான் ஏற்றுவாள். பன்னிரண்டு பேர் இறங்கினார்கள்.

"கோடு நல்லாத் தெரியுதும்மா, நீ சொல்றதுதான் கேக்கல" என்றார் அவர்களில் தொப்பி போட்டிருந்த ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு தொண்டையும் திறந்துகொண்டது.

"கடல் உள்வாங்கினா நின்னு வேடிக்கை பாக்காதீங்க! வலது பக்கப் பாதையில மேட்டுக்கு ஓடுங்க. பத்தே நிமிஷம், பொழைச்சுக்கலாம்!"

குரல் குழிக்குள் கணீரென்று ஒலித்தது. மேலே நின்றிருந்த ஆராய்ச்சி மேடம், "நாளையிலிருந்து நீதான்" என்றார்.

அவள் எண்ணியபடியே ஆட்களை ஏற்றினாள். தொப்பிக்காரர் பன்னிரண்டாவது. அவருக்குப் பின்னால், இடுப்பில் குழந்தையோடு இன்னொரு பெண் ஏறி வந்தாள். அந்தப் பெண்ணின் கூந்தலிலிருந்து வெள்ளை மணல் உதிர்ந்தது. குழந்தை கொட்டாவி விட்டது.

அவள் குழந்தையை இறுக அணைத்துக்கொண்டு, வலது பக்கப் பாதையில் மேட்டை நோக்கி ஓடினாள்.